அண்ணி கழுவி வைத்த கம்பிவலை

எங்கள் வீட்டில் எதையும் தூக்கி எறிய முடியாது. அண்ணி விடமாட்டாள். காலி பாட்டில், கைப்பிடி போன குவளை, பார்சல் கட்டி வந்த கயிறு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றுக்கும் அவளிடம் ஓர் எதிர்காலம் உண்டு. "என்னைக்காவது உதவும்" என்பாள். நான் தையல்காரி. வெட்டி விழுந்த துணித் துண்டுகளைக் கூடையில் போட்டால், மறுநாள் அவை துவைத்து மடித்து என் மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். "என்னையும் அந்தக் கணக்குலதான் இன்னும் வச்சிருக்கா" என்பான் என் அண்ணன்.

அவளைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அவள் அப்படிச் சேர்த்து வைத்த ஒரு பொருள்தான். அது செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டடத்துக்கு அண்ணி துப்புரவு வேலைக்குத்தான் போனாள். பதினான்கு வருடம் முன்னால். இரண்டாம் மாடி அவள் பொறுப்பு. அதன் கோடியில் கறுப்புத் திரை போட்ட அறை ஒன்று; அதற்குள் மட்டும் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் லேசரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. தரையெல்லாம் வெள்ளம். பேராசிரியர் கதவைத் திறந்து, "சீக்கிரம் வாங்கம்மா" என்று கூப்பிட்டார். அண்ணி குனிந்த தலை நிமிராமல் ஒரு மணி நேரம் பிழிந்து பிழிந்து எடுத்திருக்கிறாள். முடித்து நிமிர்ந்தபோது அவர் வேலையை மறுபடி தொடங்கியிருந்தார்.

மேசைமேல் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்புக் குழாய். சுற்றிலும் சூடேற்றும் பட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி. உலை என்பார்கள் அதை. நான்கு முனையிலும் கண்ணாடி. ஒரு பக்கத்திலிருந்து ஊசி கனத்துக்கு ஒளி உள்ளே போகிறது. குழாயின் நடுவில், காற்றில், மஞ்சளாக ஓர் இழை நின்று எரிகிறது.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"சோடியம்மா. நீங்க சமையல்ல போடுற உப்புல பாதி அதுதான்."

"உப்பா இப்படி எரியுது?"

"எரியல. வெளிச்சத்தை வாங்கிக்கிட்டு வெளிச்சத்தையே திருப்பித் தருது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் உப்பு டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, பார்த்துக்கொண்டே நின்றாள். "இதுக்குள்ளயாடி அவ்வளவு வெளிச்சம் இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். குழம்புக்கு உப்பு போட மறந்தே போனாள். நாங்கள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் அவள் உலைக்காரி ஆனது ஒருநாளில் நடந்ததில்லை. சோடியம் வெண்ணெய்க் கட்டி மாதிரி மெத்தென்று இருக்கும் உலோகம். காற்றுப் பட்டால் கறுக்கும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால் எண்ணெயில் மூழ்கடித்து வைத்திருப்பார்கள். எண்ணெயைத் துடைத்து, கத்தியால் நறுக்கி, வெள்ளி மாதிரி மின்னும் முகம் மங்குவதற்குள் குழாய்க்குள் வைத்து மூட வேண்டும். குழாயின் உட்சுவரில் பொடிக் கண் உள்ள கம்பிவலை சுருட்டியிருக்கும். சூடேறும்போது உலோகம் நடுவில் ஆவியாகும். ஓரத்துக்குப் போய்க் குளிர்ந்து சொட்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல வலை அதை மறுபடி நடுவுக்கு இழுத்து வந்துவிடும். கண்ணாடிப் பக்கம் ஆவி வராமல் ஆர்கான் வாயு காவல் நிற்கும். ஆர்கான் கொஞ்சம் குறைந்தால் போச்சு, கண்ணாடி முழுக்க உலோகம் படிந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். வாரக்கணக்கில் செய்த வேலை பாழ்.

பேராசிரியருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. மாணவர்களுக்கோ அவசரம். "ஒருதரம் நான் வைக்கட்டுமா சார்?" என்று அண்ணி கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள்தான். "ஆவியோட பழகுறா, வீட்ல என்னைக் கண்டா பயமே இல்ல" என்று அண்ணன் புலம்புவான்.

ஆனால் காகிதத்தில் அவள் துப்புரவாளர்தான். உலைக்கு ஒரு பதிவேடு உண்டு. தேதி, உலோகம், எடை, வலை, சூடு என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் 'ஏற்றியவர்'. அதில் அந்தந்தக் காலத்தில் அறைக்குப் பொறுப்பானவரே கையெழுத்துப் போடுவார். துப்புரவாளர் போட விதி கிடையாது. அண்ணி அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் போடுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள் என்று எனக்குத் தெரியும்.

பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு இளவயதில் ஒரு டாக்டர் வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். நல்ல மனுஷன். காலில் சக்கரம் கட்டியவர். அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, இவ்வளவு வேலை பார்க்கிறீங்க, ஆய்வக உதவியாளர் பதவிக்கு ஏன் கேட்கக் கூடாது?" என்று அவரே விண்ணப்பம் எழுதி அனுப்பினார். குழு அடுத்த மாதம் கூடும் என்று பதில் வந்தது. அண்ணி என்னிடம் ஒரு வெள்ளைக் கோட்டு தைக்கச் சொன்னாள். தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டினாள்.

"அளவு சரியா இருக்கான்னாவது பாருங்க அண்ணி."

"உத்தரவு வரட்டும்டி."

இந்த நேரத்தில்தான் அந்தக் கோடுகள் வந்தன.

இதை அண்ணி என் வெட்டு மேசைமேல் சாக்குக்கட்டியால் போட்டுக் காட்டினாள். இரண்டு சோடியம் அணு கை கோத்துக்கொண்டால் ஒரு மூலக்கூறு. இரண்டும் இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் ஆடும். லேசர் அதைத் தட்டினால் அது திருப்பித் தரும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள் விழும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி அந்த ஆட்டத்தின் வேகம். கனமான அணு என்றால் ஆட்டம் மெதுவாகும், பல் நெருங்கும். உலகத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் அதனதன் சீப்பு. ஒன்றின் சீப்பு இன்னொன்றுக்கு வராது.

"கண்ணால பார்க்க முடியாத ஒண்ணு எவ்வளவு வேகமா ஆடுதுன்னு ஸ்கேல் வச்சு அளக்குறாங்கடி" என்றாள். எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் போதும், ஏதோ பெரிய விஷயம் என்று தெரியும்.

சோடியத்தின் சீப்புக்கு நடுவே வேறொரு சீப்பு, மங்கலாக, நெருக்கமான பற்களோடு தெரிந்தது. டாக்டர் பட்டியல்களைப் புரட்டினார். சோடியத்தில் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் பொட்டாசியமா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு, "அக்கா, சோடியத்துல இதை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை" என்றார். அந்த வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வரும் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் சொல்வதாக ஏற்பாடு. அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை மதியம் என் கடையில் கலவரம். ஒரு நாடகக் குழுவுக்கு வெள்ளைப் பாவாடையில் சிவப்புப் பட்டை வைத்துத் தைத்திருந்தேன். சிவப்புத் துணியின் சாயம் போகும் என்று தெரிந்து முன்னாலேயே அலசியும் வைத்திருந்தேன். நீராவி இஸ்திரியை வைத்து ஒரு இழு இழுத்தேன். வெள்ளைத் துணி முழுக்க ரோஜா நிறம். அலறிவிட்டேன்.

"மூணு தடவை அலசினேன் அண்ணி! கடைசித் தண்ணி கண்ணாடி மாதிரி வந்துச்சு!"

டீ கொண்டுவந்த அண்ணி டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தண்ணியில வராதது சூட்டுல வருது" என்றாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சொன்னாள். போன தடவை சோடியம் ஏற்றும்போது வலைச்சுருள் தீர்ந்திருந்தது. புதுச் சுருள் வர நாளாகும் என்றார்கள். அண்ணியிடம்தான் எதுவும் தீராதே! அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய வலை ஒன்றைச் சுத்தம் செய்து வைத்திருந்தாள். அதைச் சுருட்டிக் குழாய்க்குள் வைத்துவிட்டாள். அந்த வலை நான்கு வருடம் முன்னால், பழைய பேராசிரியர் ருபிடியம் என்ற வேறோர் உலோகத்தை வைத்துப் பார்த்தபோது குழாயில் இருந்தது. டாக்டர் வருவதற்கு முந்தைய கதை. அவருக்கு இந்த அறையில் ருபிடியம் இருந்ததே தெரியாது. பதிவேட்டில் அவர் பாட்டுக்கு 'புது வலை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"ருபிடியம் சோடியத்தை விடக் கனம்டி. ரெண்டும் ஜோடி சேர்ந்தா பல்லு நெருங்கித்தானே விழும்?"

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. நான் கத்தினேன்.

"நீங்க சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. பதிவேட்டுல என் பேரே இல்ல."

"அப்புறம் என்ன அண்ணி? அடுத்த மாசம் குழு கூடுது. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? உலைப் பக்கமே வராதேன்னு சொல்லி மறுபடி வெறும் துடைப்பத்தைக் கையில குடுத்துடுவாங்க!"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அவ சொல்றதும் சரிதானே" என்றான்.

அண்ணி ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நாளைக்கு வேற ஏதோ ஊர்ல யாரோ சுத்தமான சோடியத்தை வச்சு இதைத் தேடுவாங்க. வருஷக்கணக்காத் தேடுவாங்க. வராது. அந்தக் கோடு பொய் சொல்லலைடி. அது என்னன்னு சரியாத்தான் சொல்லுது. நாமதான் வேற ஆளுன்னு சொல்லப் போறோம்."

வியாழக்கிழமை காலை நானும் கூடப் போனேன். அந்த அறையின் கறுப்புத் திரை கிழிந்து என்னிடம் தைக்க வந்திருந்தது. அதை மாட்டுவது சாக்கு. கடைசி நிமிடத்தில் அவள் வாயைப் பொத்தலாமா என்பதுதான் என் எண்ணம்.

நான் ஏணியில் ஏறித் திரையின் வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் முதலில் சிரித்தார்.

"அக்கா, காலங்காத்தால விளையாடாதீங்க."

"விளையாடலை சார். டப்பாவுல இருந்த வலை. ஸ்பிரிட்டுல ரெண்டு தடவை, தண்ணியில மூணு தடவை கழுவினேன். போயிடுச்சுன்னு நினைச்சேன்."

சிரிப்பு நின்றது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். எங்களிடம் ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்தார். கதவை மூடி நான் மாட்டிய திரையை இழுத்துவிட்டார்.

"ருபிடியத்துக்குன்னு ஒரு நிறம் இருக்கு" என்றார், யாரிடமும் சொல்லாதவர் மாதிரி. "சிவப்போட கடைசி ஓரம். நம்ம கண்ணுக்குச் சரியாத் தெரியாது. கேமராவுக்குத் தெரியும். அந்த நிற வெளிச்சத்தை உள்ள விட்டுப் பார்ப்போம். ருபிடியம் இருந்தா பதில் சொல்லும். இல்லைன்னா இருட்டா இருக்கும்."

குழாயின் பக்கக் கண்ணாடியை நோக்கி ஒரு சின்னக் கேமரா இருந்தது. கடைகளில் திருடனைப் பிடிக்க மாட்டுவார்களே, அது மாதிரி. மேசைமேல் அதன் திரை. மூன்று பேரும் அதையே பார்த்தோம். அவர் ஒரு குமிழைத் திருகினார். எண்கள் ஊர்ந்தன. திரை இருட்டு. எண்கள் ஊர்ந்தன. இருட்டு. இப்படியே இருட்டாகவே இருந்துவிடட்டும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வெளிச்சம் வந்தது.

திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வெள்ளை நூல். என் ஊசியில் கோக்கிற நூலைவிட மெலிசு. டாக்டர் குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினார். அணைந்தது. திரும்பக் கொண்டுவந்தார். எரிந்தது. நகர்த்தினார், அணைந்தது. கொண்டுவந்தார், எரிந்தது. நான் எண்ணினேன், ஐந்து தடவை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகக் குழாயைப் பார்த்தால் ஒன்றுமே இருந்திருக்காது என்று தோன்றியது.

ஐந்து கழுவல். நான்கு வருடம் பிஸ்கட் டப்பாவுக்குள். வலையின் பின்னலுக்குள் ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட மீந்திருக்குமோ என்னவோ. அது சோடியத்தின் பெரிய மேகத்துக்கு நடுவே கரைந்து கிடக்கிறது. அதன் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டால், சந்தைக் கூட்டத்தில் பெயர் கேட்டுத் திரும்புகிறவன் போல, 'இதோ இருக்கேன்' என்கிறது. பக்கத்து நிறத்தைச் சொன்னால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த உலகத்தில் எதுவும் எங்கேயும் தொலைவதில்லையா?

அண்ணி வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கண் விரிந்து கிடக்கிறது. "எவ்வளவு கொஞ்சம்!" என்றாள். "இவ்வளவு கொஞ்சத்தையும் விடலையே!"

"உங்களுக்கு இது வேடிக்கையா இருக்கா அக்கா?" டாக்டர் குரல் உடைந்தது. "நாளைக்கு அங்க போய் நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் விளக்கைப் போட்டு, பதிவேட்டை எடுத்து, அந்தத் தேதிக்குப் புரட்டினார். 'புது வலை'யை அடித்தார். 'பழைய வலை, ருபிடியம் மீதி உள்ளது' என்று எழுதினார். பேனா கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றது. அங்கே அவருடைய கையெழுத்து. அதையே பார்த்தார். பிறகு அதையும் ஒரு கோடு போட்டு அடித்தார். பதிவேட்டை அண்ணி பக்கம் திருப்பினார்.

"போடுங்க. யார் ஏத்தினாங்களோ அவங்க கையெழுத்து இருக்கட்டும்."

அது மரியாதை இல்லை. கோபம். அண்ணி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக, எழுத்தெழுத்தாகப் போட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் வெடித்துக்கொண்டே வந்தேன்.

"பதிமூணு வருஷத்துல முதல் கையெழுத்துடி" என்றாள் அவள்.

"எதுக்குப் போட்டீங்க? தப்புக்கு!"

"தப்பா ஏத்தணும்னாலும் ஏத்தத் தெரிஞ்சிருக்கணுமே."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் ஏதோ பழைய வேலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாராம். உலையறைச் சாவியை அண்ணியிடமிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் அவள் நடைபாதையை மட்டும் துடைத்தாள். நான் சொன்னது அப்படியே பலித்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் டாக்டரே ஏற்றிப் பார்த்து, இரண்டு தடவை கண்ணாடி வெள்ளி பூசிக்கொண்டதாம். துடைத்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழு கூடிய நாளில் நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஓரமாக. மேசைமேல் பதின்மூன்று வருடப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. தலைவி அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"உலை ஏத்துற வேலை பார்த்ததா விண்ணப்பத்துல இருக்கு. உங்க கையெழுத்து ஒரு இடத்துலயும் காணோமே."

"ஒரு இடத்துல இருக்குங்க" என்றாள் அண்ணி.

டாக்டர் எழுந்து வந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். தலைவி அம்மா படித்தார். அடித்தல் திருத்தலை எல்லாம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக அண்ணியைப் பார்த்தார்.

"இது தப்பு நடந்த பக்கம் இல்லையா? இதையா சான்றுன்னு காட்டுறீங்க?"

டாக்டர்தான் பேசினார்.

"இந்தப் பதிவேட்டுல அந்தக் கட்டத்துல இருக்கிற உண்மையான கையெழுத்து இது ஒண்ணுதாம்மா. மத்ததெல்லாம் நாங்க போட்டது. ஏத்தினது இவங்க."

தலைவி அம்மா பதிவேட்டை மூடாமல், அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டாராம்.

உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. அது வந்த அன்றைக்குத்தான் அண்ணி கோட்டை உறையிலிருந்து எடுத்தாள். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. நான் பிடித்துத் தைக்கிறேன் என்றேன், வேண்டாம், இப்பவே போடணும் என்றாள். பிளாஸ்டிக் உறையை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள். உதவுமாம்.